கடிதம் எங்கே நின்றது?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில், படப்பைக் கடைத்தெருவைக் கடந்து மேற்கே செல்லுகிற எவருக்கும், ஒரகடத்துத் தொழிற்சாலைகளை நோக்கி உதிரி பாகங்களைச் சுமந்துகொண்டு ஊர்ந்து செல்லும் லாரிகளின் வரிசை கண்ணில் படாமற் போகாது. 2010-ஆம் ஆண்டில் ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரகடத்தில் எழுந்த பிறகு, ஏரிப் பாசனத்தையும் நெல்லையும் நம்பியிருந்த இப்பிரதேசத்தின் ஜீவனம், தகட்டு அச்சுக்கும் ரப்பர் வளையத்துக்கும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் மாறிப் போயிற்று. அந்த லாரிகளைப் புறப்படச் செய்வது டீசலும் டிரைவரும் மட்டுமல்ல. இன்ன உருப்படி, இன்ன எண்ணிக்கையில், இன்ன மணிக்குள் எங்கள் வாசலில் இறங்க வேண்டும் என்று பெரிய ஸ்தாபனத்தின் பர்ச்சேஸ் பிரிவு அனுப்பும் ஷெட்யூல் என்னும் ஒரு கடிதந்தான் ஒவ்வொரு லாரிக்கும் பின்னால் நின்று அதைத் தள்ளுகிறது.

கிடங்கில் சரக்கைக் குவித்து வைத்துக்கொண்டு வேலை செய்த காலம் மோட்டார்த் தொழிலைப் பொறுத்த வரையில் போய்விட்டது. காலையில் இறங்கும் பாகம் மாலைக்குள் வண்டியில் ஏறிவிட வேண்டும் என்பதே இப்போது நியதி. பெரிய ஸ்தாபனங்களும் அவற்றுக்கு நேரடியாகச் சப்ளை செய்வோரும் தமக்குள் தனிப்பட்ட கணினித் தொடர்புகளை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆயினும் அந்தச் சப்ளையர்களுக்குச் சப்ளை செய்யும் இரண்டாம் படியினர், அவர்களுக்கும் கீழே படப்பையிலும் மணிமங்கலத்திலும் நாலைந்து யந்திரங்களை வைத்துக்கொண்டு பட்டறை நடத்தும் மூன்றாம் படியினர் ஆகியோரிடத்தில் இன்றும் ஆட்சி செலுத்துவது சாதாரண மின்னஞ்சலே. திருத்திய ஷெட்யூல், வரைபடத்தில் செய்த மாறுதல், நிராகரித்த சரக்கின் விவரம், லைன் நின்றுபோனதற்காகப் பிடித்தம் செய்யும் டெபிட் நோட்டு ஆகிய எல்லாம் அந்த வழியாகவே வருகின்றன.

ஆகவே, அந்தக் கடிதம் தாமதித்தால் விவகாரம் சிறியதாக இருப்பதில்லை. "ரெண்டு மணிக்கே மெயில் போட்டாச்சே சார், நீங்க பார்க்கலைன்னா நாங்க என்ன பண்றது?" என்று ஒரகடத்திலிருந்து ஒருவர் கேட்பார், "சத்தியமா வரலை சார், அஞ்சு மணிக்கு மேலதான் வந்திருக்கு" என்று படப்பையிலிருந்து மற்றவர் மன்றாடுவார். இத்தகைய வாக்குவாதங்களில் நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும், அபவாதம் எப்போதும் சிறியவன் தலையிலேயே விழுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் தோன்றியது. ஏனெனில், இருவரும் சொல்வது மெய்யாக இருக்கலாம். அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி எடுத்துக் காட்டும் சாட்சி ஒன்று, யாரும் கேளாமலே, வினாடிக் கணக்கோடு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மெயில் சர்வரின் லாக் என்று சொல்லப்படும் பதிவேடு அது.

அந்தப் பதிவேட்டைப் படிக்க வேண்டுமானால் கடிதத்தின் பிரயாணத்தை ஓரளவு அறிந்திருக்க வேண்டும். அனுப்புகிற பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் கடிதம் பெறுபவரின் பெட்டியில் போய் விழுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது முதலில் நம்முடைய சர்வரில் போய் ஒரு வரிசையில் நிற்கிறது. க்யூ என்று தொழிலில் வழங்கும் அந்த வரிசையிலிருந்து சர்வர் அதை எடுத்து, பெறுபவருடைய சர்வரின் முகவரியை டி.என்.எஸ். என்னும் பெயர்க் கோவையில் விசாரித்து, கதவைத் தட்டி, பேச்சுவார்த்தை நடத்தி ஒப்படைக்கிறது. 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க அறிஞர் எழுதி வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 821 என்னும் விதிநூலே இன்றுவரை இந்தப் பரிவர்த்தனைக்கு அடிப்படை. எதிர்ச் சர்வர் 250 என்ற எண்ணை விடையாகச் சொன்னால் கடிதத்தின் முழுப் பொறுப்பையும் அது ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். 5 என்ற இலக்கத்தில் தொடங்கும் விடை வந்தால் இனி முயன்று பயனில்லை என்று அர்த்தம். 4 என்ற இலக்கத்தில் தொடங்கும் விடை வந்தால் இப்போது முடியாது, பிறகு வா என்று அர்த்தம். நம்முடைய தாமதங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த 4 என்ற இலக்கத்தின் சந்ததி. வரிசையில் நிற்பதை யந்திரத்தின் சோம்பல் என்று கருதுவது தவறு. ஒப்புக்கொண்ட கடிதத்தைக் கைவிடாமல், எதிரே கதவு திறக்கும் வரையில் காத்திருந்து சேர்ப்பிப்பதற்காகவே அந்த வரிசை சிருஷ்டிக்கப்பட்டது.

இந்த வேலை நடக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் சர்வர் ஒரு வரி எழுதி வைக்கிறது. கணினி உலகம் முழுவதிலும் இன்று சகல காரியங்களுக்கும் பயன்படுகிற சிஸ்லாக் என்னும் பதிவேட்டு முறையே, பெர்க்லி சர்வகலாசாலையில் எரிக் ஆல்மன் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் தாம் இயற்றிய செண்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்பதை இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். தீத்தடுப்புச் சுவர்களும் திசைவிகளும் வங்கிக் கணினிகளும் இன்று எழுதுகிற பதிவேடுகளெல்லாம், கடிதம் எங்கே நின்றது என்று அறிய விரும்பிய ஒரு மனிதருடைய பிரயத்தனத்திலிருந்து கிளைத்தவை என்பது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

இன்று பரவலாக வழங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற நிரலை உதாரணமாகக் கொள்வோம். நெதர்லாந்தைச் சேர்ந்த வீட்சே வெனெமா, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது இயற்றி 1998-இல் வெளியிட்டது அது. ஒரு கடிதம் உள்ளே வந்ததும் அதற்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் இடப்படுகிறது. அதைக் க்யூ ஐடி என்பார்கள். கடிதம் யாரிடமிருந்து வந்தது, எத்தனை பைட் கனம், எத்தனை பேருக்குப் போக வேண்டும், எந்தச் சர்வரின் கதவைத் தட்டியது, அங்கே கிடைத்த விடை என்ன, கடைசியில் எப்போது வரிசையை விட்டு நீங்கியது என்ற செய்திகள் தனித்தனி வரிகளாக, மற்ற ஆயிரம் கடிதங்களின் வரிகளோடு கலந்து கிடந்தாலும், அந்த ஐடியைத் தேடினால் அத்தனையும் கிரமமாக எழுந்து வந்துவிடும். இந்தக் க்யூ ஐடி ஒவ்வொரு சர்வரிலும் வேறு வேறாக மாறும். ஆனால் மெசேஜ் ஐடி என்று கடிதத்தின் தலைப்பிலேயே எழுதப்படுகிற மற்றோர் அடையாளம் வழி நெடுகிலும் மாறாதிருப்பதால், இரண்டு ஸ்தாபனங்களின் பதிவேடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்கு அதுவே பாலமாகிறது.

ஒப்படைப்பைக் குறிக்கும் வரியில் டிலே என்ற சொல்லை அடுத்து மொத்தத் தாமதம் வினாடிக் கணக்கில் இருக்கும். அதற்கு அருகிலேயே டிலேஸ் என்று பன்மையில் தொடங்கி, சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் இருக்கும். மின்னஞ்சல் தாமதத்தின் நாடி முழுவதும் அந்த நான்கு எண்களில் துடிக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. முதல் எண், கடிதம் உள்ளே வரத் தொடங்கியது முதல் வரிசை மேலாளர் அதைக் கையில் எடுக்கும் வரையில் கழிந்த நேரம். இரண்டாவது, மேலாளரின் கையிலேயே அது முறைக்காகக் காத்திருந்த நேரம். மூன்றாவது, எதிர்ச் சர்வரின் முகவரியைத் தேடி, இணைப்பு ஏற்படுத்தி, வணக்கம் சொல்லி, மறைகுறியீட்டு ஏற்பாடுகளை முடித்துக்கொள்ள ஆன நேரம். நான்காவது, கடிதத்தின் உடலையே அனுப்பி 250 என்ற விடையைப் பெறுவதற்கு ஆன நேரம்.

மூன்றாவது எண் பெரிதாக இருந்தால் குற்றம் பெயர்க் கோவையிலோ இணைப்பிலோ இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். அது 30-ஐ ஒட்டி நின்றால், எதிர்ச் சர்வரின் ஒரு முகவரி பதிலே சொல்லவில்லை என்பது ஏறக்குறைய நிச்சயம், ஏனென்றால் இணைப்புக்காகப் போஸ்ட்ஃபிக்ஸ் காத்திருக்கும் இயல்பான அவகாசம் 30 வினாடி. நான்காவது எண் பெருத்திருந்தால், வரைபடங்களைக் கட்டாகச் சேர்த்து அனுப்பியதால் கனத்த கடிதம் மெல்லப் போயிருக்கும், அல்லது பெற்றுக்கொள்ளும் இடத்தில் வைரஸ் சோதனை முடியும் வரையில் 250 என்ற விடையை நிறுத்தி வைத்திருப்பார்கள். இரண்டாவது எண் பெருத்திருந்தால் நம் சர்வரிலேயே நெரிசல் என்று பொருள். முதல் எண்தான் மனிதரை ஏமாற்றுவது. அதற்கு ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும்.

ஒரகடத்தில் இருக்கும் ஒரு சப்ளையர் ஸ்தாபனம், திருத்திய ஷெட்யூல் ஒன்றைப் பிற்பகல் 2.10-க்கு, படப்பையில் சொந்தச் சர்வர் வைத்திருக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்கூடத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். படப்பையில் அப்போது மின்சாரம் போய், இணையத் தொடர்பும் போய், 3.30-க்குத்தான் இரண்டும் திரும்பி வருகின்றன. முதல் முயற்சி 2.10-க்குத் தோற்கிறது, லாக்கில் டெஃபர்டு, அதாவது ஒத்திவைக்கப்பட்டது, என்று பதிவாகிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான ஏற்பாட்டின்படி, ஒத்திவைத்த கடிதங்கள் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை பார்வையிடப்படும். ஆனால் ஒரு கடிதம் எவ்வளவு நேரம் காத்திருந்ததோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்தே அது மறுபடி அனுப்பப்படும். அந்த இடைவெளி 300 வினாடிக்குக் குறையாமலும் 4,000 வினாடிக்கு மேற்படாமலும் இருக்கும். ஆகவே அடுத்த முயற்சிகள் 2.16, 2.26, 2.46, 3.26 என்று, இடைவெளி ஏறிக்கொண்டே போகின்றன. 3.26-க்கும் கதவு அடைத்திருக்கிறது. நான்கே நிமிஷத்தில் படப்பையில் விளக்கு எரிகிறது, இணைப்பும் வந்துவிடுகிறது. ஆனால் கடிதம் தன்னுடைய அடுத்த முறைக்காக 4.36 வரையில் ஒரகடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. காரணம் மறைந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரியம் நீடிக்கிறது.

கடைசி வரியை மட்டும் எடுத்துப் பார்ப்பவர் என்ன காண்பார்? மொத்தத் தாமதம் 8,760 வினாடியை ஒட்டி இருக்கும். நான்கு எண்களில் முதல் எண்ணே ஏறக்குறைய அத்தனையையும் விழுங்கியிருக்கும். மற்ற மூன்றும் ஒரு வினாடிக்கு அப்பால் போகா. இணைப்பு உடனே கிடைத்தது, கடிதமும் உடனே போயிற்று, ஆகவே ஒரகடத்துச் சர்வர்தான் இரண்டரை மணி நேரம் உறங்கிவிட்டது என்று அவர் அனுமானிப்பார். அது முழுத் தவறு. ஒத்திவைத்த கடிதம் காத்திருந்த நேரமெல்லாம் முதல் எண்ணிலேயே போய்ச் சேருகிறது என்பதை அறிந்தவர், அதே க்யூ ஐடியைப் பிடித்துக்கொண்டு மேலே உள்ள வரிகளுக்குப் போவார். அங்கே ஐந்து தோல்விகளும், ஒவ்வொன்றின் நேரமும், இணைப்புக்குப் பதில் இல்லை என்ற காரணமும் பிரத்தியட்சமாக எழுதியிருக்கும். ஒரு வரியை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடிதத்தின் சரித்திரம் முழுவதையும் படிக்க வேண்டும். ஒரகடத்தார் 2.10-க்கு அனுப்பியது மெய், படப்பையாருக்கு 4.36 வரையில் வராததும் மெய். படப்பையில் விளக்கு வந்தவுடனே ஒருவர் ஒரகடத்துக்குப் போன் செய்து, "க்யூவைக் கொஞ்சம் ஃப்ளஷ் பண்ணிவிடுங்க சார்" என்று சொல்லியிருந்தால், நிற்கும் கடிதங்கள் அந்தக் கணமே மறுபடி அனுப்பப்பட்டு, ஒரு மணி நேரம் மிச்சப்பட்டிருக்கும்.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. கடிதம் நின்றுபோயிருக்கிறது என்ற எச்சரிக்கையை அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் வசதி போஸ்ட்ஃபிக்ஸில் உண்டு; ஆனால் இயல்பான அமைப்பில் அது அணைக்கப்பட்டே இருக்கிறது. வரிசையில் கடிதம் உயிரோடு இருக்கும் அவகாசமோ 5 நாள். நிர்வாகி தாமாக முன்வந்து அந்த எச்சரிக்கையை ஏற்படுத்தாவிட்டால், அனுப்பியவர் ஐந்து நாள் வரையில் தம் கடிதம் சேர்ந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருப்பார். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அடையாற்றின் கரைகள் நெடுகிலும் ஊர்கள் மூழ்கி, இந்தத் தொழில் வட்டாரத்துப் பெரிய தொழிற்சாலைகளே வேலையை நிறுத்திய நாட்களையும், அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போன பின் விளக்கில்லாமல் கழிந்த நாட்களையும் நினைத்துப் பார்த்தால், 5 நாள் என்ற எல்லை நமக்கு வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பது புரியும். நாலைந்து நாளாவது முயன்று பார்க்க வேண்டும் என்பது விதிநூல்களின் அபிப்பிராயம். அந்த அவகாசத்தைச் சிலர் ஒரு நாளாகக் குறைத்துவிடுகிறார்கள். மழைக்காலம் உள்ள ஊரில் அது செய்யத் தகாத காரியம்.

தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. முன்பின் அறியாத சர்வரிலிருந்து வரும் முதற் கடிதத்தை வேண்டுமென்றே, பிறகு வா, என்று திருப்பும் உபாயம் ஒன்றை 2003-இல் எவன் ஹாரிஸ் என்பவர் முன்வைத்தார். கிரேலிஸ்டிங் என்று அதற்குப் பெயர். குப்பைக் கடிதங்களை வீசுவோர் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை, நேர்மையான சர்வர் வரும் என்பது அதன் தத்துவம். புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளரின் முதல் ஆர்டர் மட்டும் தாமதித்து, அடுத்தடுத்தவை உடனுக்குடன் வந்தால், லாக்கில் 450 அல்லது 451 என்ற விடையைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

நெரிசல் என்பது மற்றொரு வகை. சம்பளச் சீட்டுகளை ஆயிரக் கணக்கில் ஒரே நேரத்தில் அனுப்பினாலும், சிப்பந்தி ஒருவருடைய பாஸ்வேர்டு களவு போய் அவர் பெயரில் குப்பைக் கடிதங்கள் கிளம்பினாலும், ஷெட்யூலும் அந்தக் கூட்டத்தின் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க விக்டர் துகோவ்னி என்பவர் எழுதிய க்யூஷேப் என்ற சிறு கருவி போஸ்ட்ஃபிக்ஸோடு கூடவே வருகிறது. எந்த முகவரிக்குரிய கடிதங்கள் எத்தனை, எவ்வளவு நேரமாக நிற்கின்றன என்பதை அது 5, 10, 20, 40, 80 நிமிஷம் என்று இரட்டித்துக்கொண்டே போகும் பத்திகளில் அட்டவணையாகக் காட்டும். ஒரே முகவரியின் எண்ணிக்கை பழைய பத்திகளில் குவிந்திருந்தால் கோளாறு அந்த முகவரியில். எல்லா முகவரிகளும் புதிய பத்திகளில் பொங்கி வழிந்தால் கோளாறு நம் வீட்டில். களவு போன கணக்காக இருந்தால் இன்னொரு தொல்லையும் தொடரும். நம் சர்வரின் பெயர் கெட்டு, பெரிய அஞ்சல் ஸ்தாபனங்கள் நம்முடைய நல்ல கடிதங்களையும் 421 என்ற விடையோடு நிறுத்தி வைக்கும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புவோரின் அடையாளச் சான்றுகளைக் கண்டிப்பாகக் கேட்கத் தொடங்கிய பிறகு இந்த விஷயத்தில் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

சர்வரை நெருங்க வழியில்லாத சாதாரண வாசகருக்கும் ஒரு பகுதிச் சாட்சியம் கையிலேயே இருக்கிறது. அந்நாளில் தபாலுறையின் பின்புறத்தில் ஒவ்வொரு தபால் நிலையமும் தன் முத்திரையைத் தேதியோடு குத்தி அனுப்பியதைப் போல, கடிதம் கடந்து வரும் ஒவ்வொரு சர்வரும் அதன் தலைப்பில் ரிசீவ்டு என்ற ஒரு வரியை நேரத்தோடு சேர்த்துவிடுகிறது. ஜிமெயிலில் ஷோ ஒரிஜினல் என்ற கட்டளையைக் கொடுத்தால் அவை முழுவதும் தெரியும். இத்தனை வினாடி கழித்துச் சேர்ந்தது என்ற கணக்கையும் அதுவே போட்டுச் சொல்லும். புதிய வரி பழையதன் மேலே சேருவதால், இவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வரிகளின் நேரத்துக்கு இடையில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ, அங்கே கடிதம் நின்றிருக்கிறது.

ஆனால் இந்தச் சாட்சியம் முழுவதும் கடிகாரங்களின் நேர்மையை நம்பி நிற்கிறது. ஒரு சர்வர் 7 நிமிஷம் முந்தியும் மற்றொன்று 5 நிமிஷம் பிந்தியும் ஓடினால், கடிதம் அனுப்பப்படுவதற்கு முன்பே சேர்ந்துவிட்டதாகப் பதிவேடுகள் கூறும். அதைவிட விபரீதமானது ஐந்தரை மணிக் குழப்பம். ஒரு சர்வர் சர்வதேசப் பொது நேரத்தில் எழுத, இன்னொன்று இந்திய நேரத்தில் எழுத, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் 5 மணி 30 நிமிஷத் தாமதத்தைக் கண்டு திகைப்பார். தாமதம் அந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்தி வந்தால், குற்றவாளியைத் தேடுமுன் நேர மண்டலத்தைப் பார்ப்பது உத்தமம். 1906-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி இந்தியப் பொது நேரம் ஏற்படுவதற்கு முன்னால், நாட்டின் ரயில்களெல்லாம் நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிக் கூடம் கணித்த சென்னை நேரத்தை அனுசரித்தே ஓடின. பொதுவான ஒரு கடிகாரம் இல்லாமல் தூரத்துக் காரியங்களை நடத்த முடியாது என்ற அறிவு நம் ஊருக்குப் புதியதல்ல.

அந்த அறிவு இப்போது சட்டமாகவும் வந்திருக்கிறது. கணினி அபாயங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் ஸ்தாபனம், 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில், கம்பெனிகளும் அரசாங்க அலுவலகங்களும் சேவை நடத்துவோரும் தங்கள் கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நேரத்தோடு இசைவித்து வைக்க வேண்டும் என்றும், பதிவேடுகளை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும் என்றும் விதித்தது. சிறு தொழில்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரையில் அவகாசம் கொடுத்தது. நடைமுறையோ வேறு. லினக்ஸ் சர்வர்களில் வழக்கமாக அமைந்திருக்கும் ஏற்பாடு வாரத்துக்கு ஒரு முறை பதிவேட்டைப் புரட்டி நாலு வாரத்துக்குப் பின் அழித்துவிடும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் கடிதத் தடப் பதிவேடு இயல்பாக 30 நாளோடு முடியும். டெபிட் நோட்டு இரண்டு மாதம் கழித்து வரும்போது சாட்சி செத்துப் போயிருக்கும்.

அந்தச் சாட்சிக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், மின்னணு ஆவணம் ஒன்று அனுப்பியவருடைய கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட கணினியில் நுழையும்போதே அனுப்பப்பட்டதாகும் என்றும், பெறுபவர் இதற்கென்று குறிப்பிட்ட கணினியில் அது நுழையும் நேரமே பெற்ற நேரமாகும் என்றும் அது கூறுகிறது. நம் உதாரணத்தில் ஒரகடத்துச் சர்வர் ஒரகடத்தாரின் கட்டுப்பாட்டிலேயே இருந்ததால், அந்தச் சொற்களை நான் வாசிக்கிற அளவில், பொத்தானை அழுத்திய 2.10 அன்று, கடிதம் வரிசையை விட்டு வெளியேறிய 4.36-தான் அனுப்பிய நேரமும் ஆகும், பெற்ற நேரமும் ஆகும். அதே பதிவேடு படப்பையில் இணைப்பு அறுந்திருந்ததையும் மறைக்காமல் சொல்லும். நமக்குச் சாதகமாக மட்டும் பேசும் சாட்சி இதுவல்ல. அதனாலேயே இதை நம்பலாம்.

இந்த வித்தை எங்கோ தூர தேசத்தில் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. படப்பையிலிருந்து அதிக தூரமில்லாத கூடுவாஞ்சேரிக்கு அருகில், வல்லாஞ்சேரியில் இருக்கும் ஸோஹோ ஸ்தாபனம், 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்துவந்தது வலையமைப்புகளைக் கண்காணிக்கும் நிரல்களையே; பதிவேடுகளைத் திரட்டி ஆராயும் நிரல் இன்றும் அதன் சரக்குகளில் ஒன்று. மத்திய அரசின் சுமார் 12 லட்சம் உத்தியோகஸ்தர்களின் மின்னஞ்சல் இப்போது அந்த ஸ்தாபனத்தின் ஏற்பாட்டில் இயங்குகிறது. லாக் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வண்டலூரிலும் தாம்பரத்திலும் வாடகை அறைகளில் நூற்றுக் கணக்கில் இருக்கிறார்கள். பட்டறைகள் அவர்களை அழைப்பதில்லை; மெயிலுக்கென்று மாதம் ஒரு தொகையை யாருக்கோ கொடுத்துவிட்டு, அந்த ஆள் சொல்வதை வேதவாக்காகக் கொள்கின்றன.

படப்பை, மணிமங்கலம், ஒரகடம், வல்லம் வட்டாரத்துத் தொழிற்கூடங்களின் சொந்தக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், உங்கள் மெயிலைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டு, பதிவேடு 180 நாள் நிற்கிறதா, கடிகாரம் இந்திய நேரத்தோடு இசைந்திருக்கிறதா, நாலு மணி நேரம் கடிதம் நின்றால் அனுப்பியவருக்குத் தகவல் போகிறதா என்று கேளுங்கள். அடுத்த முறை ஷெட்யூல் தாமதமாக வந்து, அதற்காகப் பிடித்தம் என்று யாராவது காகிதம் நீட்டினால், டிஸ்பாட்ச் குமாஸ்தாவை வையாதீர்கள். அந்தக் கடிதத்தின் மெசேஜ் ஐடியைக் கொடுத்து, அவர்களுடைய சர்வரின் லாக்கிலிருந்து அதற்குரிய வரிகள் அனைத்தையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.